மேடை நாடக ஆடிஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (சைகை மொழி நாடகங்களையும் சேர்த்து)

தொழில்முறை நாடகக் குழுக்களின் ஆடிஷனுக்குத் தயாராகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பேச்சு நாடகம், இசை நாடகம், பேச்சும் சைகை மொழியும் கலந்த இருமொழி நாடகம் மூன்றும் இதில் வரும். ஏற்கெனவே நாலைந்து ஆடிஷன் பார்த்தவர்கள் நேராகப் பாதிக்குக் கீழே போய்விடலாம்.

உள்ளே போனதும் என்னதான் நடக்கும்?

முதல் சுற்று பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து நிமிடம்தான். உள்ளே வருவது, பெயர் சொல்வது, தயாரித்ததைச் செய்வது, நேரமிருந்தால் ஒரு திருத்தத்தோடு மறுபடி செய்வது, நன்றி சொல்லிக் கிளம்புவது எல்லாம் அதற்குள் அடக்கம். மேஜைக்குப் பின்னால் இயக்குநரும், நடிகர்களைத் தேர்ந்தெடுக்கிற காஸ்டிங் பொறுப்பாளரும் இருப்பார்கள். எதிர்வசனம் வாசிக்க ஒருவர் இருப்பார். இசை நாடகம் என்றால் பியானோவில் ஒருவர்.

"இன்னிக்குத் தொண்டை சரியில்லை, மன்னிக்கணும்" என்று ஆரம்பிக்காதீர்கள். அதைக் கேட்காதிருந்தால் அவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். கேட்ட பிறகு அதை மட்டும்தான் கவனிப்பார்கள்.

அறிவிப்புல எதை முதல்ல பார்க்கணும்?

பாத்திர விவரத்தைத்தான் எல்லோரும் முதலில் படிக்கிறார்கள். தேதிகளை முதலில் பாருங்கள். ஒத்திகை எப்போது தொடங்குகிறது, தினமும் எத்தனை மணி நேரம், கடைசிக் காட்சி எந்த நாள், வெளியூர்ப் பயணம் உண்டா? நடுவில் உங்களால் வரமுடியாத நாள் இருந்தால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். தேர்வான பிறகு சொன்னால் வாய்ப்பும் போகும், பெயரும் கெடும்.

அடுத்தது சம்பளம், ஒப்பந்த வகை, என்ன தயாரித்து வரச் சொல்கிறார்கள் என்பது. "ஒரு நிமிடத் தனிவசனம்" என்றால் ஒரு நிமிடம்தான். நடிக்க வாய்ப்புத் தருவதற்குப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், போட்டோ செலவு என்று உங்களிடமே பணம் கேட்டால் அது ஆடிஷன் இல்லை, வியாபாரம். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

போட்டோவும் ரெஸ்யூமேயும் எப்படி இருக்கணும்?

போட்டோ 8×10 அங்குலம், முகமும் தோளும் தெரிகிற மாதிரி, இப்போது கண்ணாடியில் தெரிகிற முகம். முடியை வெட்டிவிட்டால், தாடி வைத்துவிட்டால் புதுப் போட்டோ. ரெஸ்யூமே ஒரே பக்கம். போட்டோவின் பின்பக்கத்தில் ஒட்டியோ பின் அடித்தோ, போட்டோ அளவுக்கே வெட்டி வைக்க வேண்டும். நாடகம், பாத்திரம், குழு அல்லது இயக்குநர் என்று மூன்று நெடுவரிசைகளில் எழுதினால் போதும்.

திறமைகள் பகுதியில் பொய் வேண்டாம். "சைகை மொழி தெரியும்" என்று எழுதியவரிடம் காது கேளாத இயக்குநர் கையாலேயே நலம் விசாரிப்பார். எந்த நாட்டுச் சைகை மொழி, எந்த அளவு என்று எழுதுங்கள்: தாய்மொழி, சரளம், அடிப்படை உரையாடல், விரலெழுத்து (ஒவ்வொரு எழுத்தையும் விரலால் காட்டுவது) மட்டும். சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்கச் சைகை மொழியும் பிரிட்டிஷ் சைகை மொழியும் தனித்தனி மொழிகள். முன்னதில் விரலெழுத்துக்கு ஒரு கை, பின்னதில் இரண்டு கை. இந்த வித்தியாசம் கீழே மறுபடி வரும்.

தனிவசனம் எதை எடுக்கிறது?

உங்கள் வயதுக்கு ஒட்டியது, நாடகத்திலிருந்து எடுத்தது, எதிரில் ஒருவரிடம் எதையோ கேட்டு வாங்கப் பார்க்கிறது. இந்த மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய நினைவைச் சொல்லிச் சொல்லி அழுகிற பகுதிகளைத் தவிர்ப்பது நல்லது. கேட்கிறவர் யாரென்றே தெரியாமல் தனக்குத்தானே உருகுகிற நடிப்பாக அது முடிந்துவிடும். இரண்டு கேட்டால் ஒன்று கனமானது, ஒன்று இலகுவானது. ஒவ்வொன்றும் 60 முதல் 90 விநாடி. வீட்டில் 90 விநாடி வந்தால் அங்கே 100 ஆகும், அதனால் 80-க்குள் வெட்டி வையுங்கள்.

எதிராளியைத் தேர்வுக் குழுவின் தலைக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக நிறுத்துங்கள். குழுவின் கண்ணையே பார்த்துப் பேசினால் அவர்களால் குறிப்பெழுத முடியாது. உங்களுக்குப் பதில் நடிப்பு தரவேண்டிய நிலைமையில் மாட்டிக்கொள்வார்கள். பக்கவாட்டில் ரொம்பத் தள்ளி நிறுத்தினால் உங்கள் காதுதான் தெரியும்.

பாட்டுக்கு "16 பார்" னு போட்டிருக்கு. அப்படின்னா?

இசைத்தாளில் 16 அளவுகள். வேகத்தைப் பொறுத்து அரை நிமிடம், கூடிப்போனால் முக்கால் நிமிடம். பாட்டின் தொடக்கமாக இருக்க வேண்டியதில்லை. குரலின் நல்ல இடம் எங்கே வருகிறதோ, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வெட்டுங்கள்.

தாள் நீங்கள் பாடும் சுருதியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். "ரெண்டு சுரம் இறக்கி வாசிங்க" என்று அந்த இடத்தில் கேட்கக் கூடாது. அரை சுரம் இறக்கச் சொல்வதுகூடத் தொல்லைதான். பளபளக்காத தாளில் நகலெடுத்து, இரண்டு பக்கமும் அச்சிட்டு ஃபைலில் போட்டு, தொடக்கத்தையும் முடிவையும் தடித்த கோட்டால் குறியுங்கள். வேகம் சொல்ல விரல் சொடுக்காதீர்கள். முதல் வரியை மெல்லப் பாடிக் காட்டுங்கள், பியானோக்காரர் பிடித்துக்கொள்வார்.

அங்கேயே தாள் கொடுத்துப் படிக்கச் சொன்னா என்ன பண்றது?

தாளை மார்பு உயரத்தில் ஒரே கையில் பிடியுங்கள். கட்டைவிரல் வரியோடு வரியாக இறங்கட்டும். ஒரு வாக்கியத்தைக் கண்ணால் அள்ளி, நிமிர்ந்து சொல்லி, மறுபடி குனியுங்கள். எதிராளி பேசும்போது அடுத்த வரியைத் தேடாமல் அவரைக் கேளுங்கள். பார்க்கப்படுவது அங்கேதான். வாய் தடுக்குவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

நடிச்சு முடிச்சதும் "வேற மாதிரி பண்ணுங்க" ன்னாங்க. நான் தப்பா பண்ணிட்டேனா?

இல்லை. பிடிக்காதவருக்கு இரண்டாவது தடவை கொடுக்க அவர்களுக்கு நேரமில்லை. திருத்தம் என்பது, சொன்னால் இவர் மாறுகிறாரா என்ற சோதனை. ஆகவே கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாற்றிக் காட்டுங்கள். கோபத்தைக் குறைக்கச் சொன்னால் பாதியாகக் குறைக்காமல், முழுக்க விட்டுவிட்டுச் செய்து பாருங்கள். புரியவில்லை என்றால் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். விவாதம் வேண்டாம்.

இருமொழி நாடகம்னா, மேடை ஓரத்துல ஒருத்தர் நின்னு கை காட்டுவாரே, அதுவா?

அது இல்லை. அங்கே நிற்பவர் மொழிபெயர்ப்பாளர். நாடகம் ஒரு மொழியில் நடக்கிறது, அவர் அதைப் பார்வையாளருக்குக் கடத்துகிறார். இருமொழி நாடகத்தில் இரண்டு மொழியும் பாத்திரங்களின் மொழி. காது கேளாத நடிகர் சைகையில் பேச, குரல் நடிகர் ஒருவர் அதே பாத்திரத்துக்குப் பேசுவார் அல்லது பாடுவார். அவர் மறைவில் நிற்கலாம், மேடையிலேயே இன்னொரு பாத்திரமாகவும் இருக்கலாம். சில நடிகர்கள் இரண்டையும் தாங்களே செய்வார்கள்.

அமெரிக்காவில் 1967-ல் தொடங்கிய நேஷனல் தியேட்டர் ஆஃப் தி டெஃப் இந்த வடிவத்தைப் பரவலாக்கியது. டெஃப் வெஸ்ட் தியேட்டர் என்ற குழு 2003-ல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேக்குக் கொண்டுவந்த 'பிக் ரிவர்' இசை நாடகத்தில், மார்க் ட்வைன் நாவலின் நாயகன் ஹக் பாத்திரத்தை டைரோன் ஜியோர்டானோ சைகையில் செய்தார். மார்க் ட்வைனாக மேடையில் இருந்த டேனியல் ஜென்கின்ஸ் அவருக்குக் குரலானார். எழுத்தாளரே தன் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கிற ஏற்பாடு அது. 2015-ல் அதே குழுவின் 'ஸ்பிரிங் அவேக்கனிங்'கில் சாண்ட்ரா மே ஃபிராங்க் வெண்ட்லாவாகச் சைகை செய்ய, கிதாரோடு கேட்டி போக் பாடினார். குரல் நடிகர் வேலை என்பது டப்பிங் இல்லை என்பது இந்த இரண்டிலிருந்தே புரியும்.

எனக்குக் காது கேட்கும், சைகை மொழி தெரியாது. எனக்கு அதுல இடம் உண்டா?

குரல் நடிகர், இசைக்கலைஞர், சைகை தெரியாத பாத்திரம் என்று இடம் உண்டு. அறிவிப்பில் "சைகை மொழி கட்டாயம்", "தெரிந்தால் நல்லது", "கற்றுக்கொள்ள விருப்பம் வேண்டும்" என்று மூன்றில் ஒன்று இருக்கும். மூன்றாவதற்குத் தயங்காமல் போகலாம். அப்படிப் போகிறவர்கள் செய்யும் தவறு, காணொளி பார்த்து ஒரு பாட்டைச் சைகையில் உருப்போட்டுக்கொண்டு போவது. புரியாத மொழியில் கவிதை ஒப்பிக்கிற குழந்தை மாதிரிதான் அது தெரியும். உங்கள் பெயரை விரலெழுத்தில் சொல்வது, வணக்கம், நன்றி, "எனக்குக் கொஞ்சம்தான் தெரியும்", இவ்வளவு போதும். மற்றதை உங்கள் மொழியில் நன்றாக நடியுங்கள்.

காது கேளாத பாத்திரத்துக்கே கேட்கும் நடிகர் போகலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், தொழில் ரீதியாகவே அது எடுபடாது. ஆறு மாதத்தில் கற்ற கைகளை, சைகை மொழியிலேயே வளர்ந்த பார்வையாளர் முதல் வரியில் கண்டுபிடித்துவிடுவார்.

நான் காது கேளாதவர். மொழிபெயர்ப்பாளரை நான் கூட்டிட்டுப் போகணுமா?

ஏற்பாடு செய்வது குழுவின் வேலை. நேரத்தை உறுதி செய்யும் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்: எந்தச் சைகை மொழி வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வருவது உறுதியா, தனிவசனத்தை அவருக்கு முன்கூட்டி அனுப்ப யாருக்கு எழுதுவது. தம்பியையோ தோழியையோ கூட்டிப் போகாதீர்கள். திருத்தம் சொல்லும் அரை நிமிடத்தில் ஒரு சொல் பிசகினாலும் நஷ்டம் உங்களுக்கு.

பதினைந்து நிமிடம் முன்னால் போய் அவரோடு கொஞ்சம் பேசுங்கள். உங்கள் கைவேகத்துக்கும் பாணிக்கும் அவர் கண் பழக வேண்டும். உள்ளே அவர் நிற்க வேண்டிய இடம் உங்கள் பக்கத்தில் இல்லை. இயக்குநருக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால். அப்போதுதான் இயக்குநரின் முகமும் மொழிபெயர்ப்பும் ஒரே பார்வையில் உங்களுக்குக் கிடைக்கும். தனிவசனத்துக்கு அவர் குரல் கொடுக்க வேண்டுமா, மௌனமாகப் பார்க்கட்டுமா என்பதையும் நீங்களே முடிவு செய்து, தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுங்கள். குரல் வேண்டாம் என்றால் எழுத்து வடிவத்தை மேஜையில் வைத்துவிட்டு ஆரம்பிப்பது வழக்கம்.

எழுத்துல இருக்கிற வசனத்தைச் சைகைக்கு எப்படி மாத்துறது?

சொல்லுக்குச் சொல் மாற்றினால் அது எந்த மொழியும் இல்லை. சைகை மொழிக்கு அதற்கே உரிய இலக்கணம் இருக்கிறது. அதில் பாதி புருவத்திலும் கண்ணிலும் தோளிலும் இருக்கிறது. அமெரிக்கச் சைகை மொழியில் ஆமாம்-இல்லை கேள்விக்குப் புருவம் மேலேறும். யார், எங்கே, ஏன் என்ற கேள்விக்குச் சுருங்கும். அங்கே முகபாவம் அலங்காரம் இல்லை, வினாக்குறி.

ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வோம்: "மழை நின்னதும் போயிடுவேன்னு சொன்னே. மூணு நாளா நிக்கவே இல்லை. நீயும் போகலை." முதலில் 'நீ' எங்கே இருக்கிறாய் என்று உங்களுக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் ஓரிடம் குறிக்க வேண்டும். 'போயிடுவேன்' என்பது அவன் சொன்னது, ஆகவே தோளை லேசாகத் திருப்பி, ஒரு கணம் அவன் முகமாகவே மாறிச் சொல்லலாம். 'என்று சொன்னாய்' அதிலேயே அடங்கிவிடும். மூன்று நாள் என்ற காலம் அடுத்த வாக்கியத்தின் தலையில் வரும். 'நிக்கவே' என்பதில் உள்ள ஏகாரத்துக்குத் தனிக் குறி கிடையாது. மழையின் சைகையைத் திரும்பத் திரும்ப, கனமாகச் செய்வதில் அது வந்துவிடும். 'நீயும் போகலை' என்பதற்கு அந்த ஓரிடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகுதான் கை எழ வேண்டும். அந்தப் பார்வைக்கும் கைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் நடிப்பு.

இது ஒரே மூச்சில் முடிக்கிற வேலை இல்லை. அர்த்தம் பிரித்து எழுதி, சைகையில் செய்து காணொளி எடுத்து, மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் காட்டுங்கள். அவர் திருப்பிச் சொல்வது வசனத்தோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயரை ஒவ்வொரு முறையும் விரலெழுத்தில் எழுத்துக்கூட்டினால் காட்சி நொண்டும். ஒருமுறை எழுத்துக்கூட்டிவிட்டு, பெயர்ச் சைகை (அந்த ஆளுக்கென்றே ஒரு சைகை) ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகைக் காலத்தில் இதற்கென்றே சைகை மொழி இயக்குநர் இருப்பார். ஆடிஷனுக்கு நீங்கள்தான் அவர்.

கேட்காம எப்படிப் பாட்டோட சேர்றது?

எண்ணிக்கை, கண்ணில் படும் குறிப்பு, அதிர்வு. இதில் முதல் இரண்டைத்தான் நம்பலாம். அதிர்வு அறைக்கு அறை மாறும். காங்கிரீட் தரையில் ஒன்றுமே வராது. பியானோக்காரர் தெரிகிற கோணத்தில் நின்று, அவருடைய தலையசைப்பைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 16 பாரில் எங்கே இடையிசை, எத்தனை எண்ணிக்கை என்று உங்கள் பிரதியில் எழுதி வைத்திருங்கள்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சைகை வேண்டாம். நீண்ட சுரத்துக்கு ஒரே சைகையை மெல்ல விரித்து நிறுத்துவதுதான் பாடலாகத் தெரியும்.

கால்பேக்ல குரல் நடிகரோட ஜோடி சேர்த்துப் பார்ப்பாங்களாமே?

கால்பேக் என்பது முதல் சுற்றில் பிடித்தவர்களை மறுபடி கூப்பிடும் அடுத்த சுற்று. அங்கே பார்ப்பார்கள், முக்கியமான கட்டமே அதுதான். பேச்சுக் காட்சியில் பெரும்பாலும் சைகை செய்பவர் முன்னால் போவார், குரல் பின்தொடரும். பாட்டில் தாளம் இருவரையும் கட்டிவிடும். வாக்கியம் நடுவில் கொஞ்சம் முன்பின்னாகப் போனாலும் பரவாயில்லை. தொடக்கமும் முடிவும் சேர வேண்டும். கை இறங்கிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருந்தால் யார் பேசுகிறார்கள் என்று பார்வையாளர் தேட ஆரம்பித்துவிடுவார்.

குரல் நடிகர் கூட்டாளியின் மூச்சையும் தோளையும் பார்த்துப் பழக வேண்டும். சைகைக்கு முன்னால் அவரும் மூச்சு எடுப்பார். சைகை நடிகர் காட்சி நடுவில் குரல் நடிகரைத் திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கக் கூடாது. தொடங்குவதற்கு முன் இருபது விநாடி கேட்டு வாங்கி, எங்கே நிறுத்தம், எங்கே வேகம் என்று பேசிக்கொள்வதில் தப்பே இல்லை. அப்படிக் கேட்கிற ஜோடியைக் குழுவுக்குப் பிடிக்கும்.

வீடியோ அனுப்பச் சொல்றாங்க. நாமே எடுத்து அனுப்புற சாதாரண செல்ஃப் டேப் மாதிரியே எடுக்கலாமா?

பேச்சு நடிப்புக்கு: போன் கிடைமட்டமாக, கண் உயரத்தில், மார்புக்கு மேல் சட்டகம், பின்னால் வெற்றுச் சுவர், வெளிச்சம் முன்பக்கமிருந்து, எதிர்வசனம் வாசிப்பவர் கேமராவுக்கு ஒட்டிப் பக்கத்தில்.

சைகைக்குச் சட்டகம் மாறும். தலைக்கு மேல் ஒரு கையளவு இடம், கீழே இடுப்பு, இரண்டு முழங்கையும் விரிந்தாலும் உள்ளே. ஒரு தடவை கை எட்டுகிற எல்லையையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். விரல்கள் மங்கலாக இழுபட்டால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். வெளிச்சம் குறைவாக இருக்கும்போது போன் ஒவ்வொரு பிரேமையும் அதிக நேரம் திறந்து வைக்கிறது, அதனால்தான் அந்த இழுவை. இன்னொரு விளக்கைப் போட்டால் சரியாகிவிடும்.

உடையில கவனிக்க வேண்டியது?

தோல் நிறத்துக்கு எதிரான ஒரே நிறம், கோடோ பூவோ இல்லாமல். கை முட்டிவரை தெரிகிற சட்டை. மோதிரம், குலுங்கும் வளையல், பளிச் நகப்பூச்சு வேண்டாம். முடி முகத்தில் விழக்கூடாது. மீசை உதட்டை மூடினால் வாயசைவு மறையும், அதுவும் மொழியின் பகுதி.

கையில பொருள் இருந்தா எப்படிப் பேசுறது?

கால்பேக்கில் வேண்டுமென்றே ஒரு கோப்பையைக் கையில் கொடுப்பார்கள். ஒரு கையால் செய்தாலும் புரிகிற சைகைகள் நிறைய உண்டு. ஆனால் இரண்டு கை விரலெழுத்து உள்ள மொழியில் ஒரு பெயரைச் சொல்லக் கோப்பையைக் கீழே வைத்தே ஆக வேண்டும். வைப்பதைக் காட்சிக்குள் கொண்டுவாருங்கள்: கோபத்தில் வைக்கிறாரா, சொல்லத் தயங்கி வைக்கிறாரா? அதேபோல, எதிராளியை நேருக்கு நேர் பார்த்து நின்றால் உங்கள் கை பார்வையாளருக்குப் பக்கவாட்டில்தான் தெரியும். உடம்பைப் பாதி முன்பக்கம் திருப்பி, கண்ணை மட்டும் அவரிடம் வையுங்கள்.

பதிலே வரலைன்னா கூப்பிட்டுக் கேட்கலாமா?

அறிவிப்பில் தேதி சொல்லியிருந்தால் அது கடந்த பிறகு ஒரே ஒரு மின்னஞ்சல். அதற்கும் பதில் இல்லையென்றால் இல்லை என்றே அர்த்தம். இந்த நாடகத்துக்கு மட்டும்தான் இல்லை. அதே காஸ்டிங் பொறுப்பாளர் வேறொன்றுக்குக் கூப்பிடுவது சாதாரணமாக நடக்கிறது.

தேர்வாயிட்டேன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என்ன கேட்கணும்?

சம்பளம் வாரக் கணக்கா, காட்சிக் கணக்கா, ஒத்திகைக்கும் உண்டா, மாற்று நடிகராகவும் இருக்க வேண்டுமா, பதிவு செய்து ஒளிபரப்பினால் தனிப்பணம் உண்டா. இவை எல்லோருக்கும் பொது.

இருமொழி நாடகத்தில் கூடுதலாகச் சில. வசனத்தைச் சைகைக்கு மாற்றும் உழைப்பு நடிப்புச் சம்பளத்தில் அடங்குமா, தனியா? மேலே பார்த்த மூன்று வரிக்கே எவ்வளவு யோசனை போனது என்று பாருங்கள். முழு நாடகத்துக்கு அதை ஓசியில் செய்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் அதிகம். மொழிபெயர்ப்பாளர் ஒத்திகைக்கு மட்டுமா, உடை அளவெடுப்பு, ஒளி-ஒலி ஒத்திகை, பத்திரிகைச் சந்திப்பு எல்லாவற்றுக்குமா? மேடை இருட்டாகும் நேரத்தில் நடிகருக்குக் குறிப்பு எப்படி வரும்: தொடுதலா, பக்கத்து விளக்கா? "ஐந்து நிமிடம்" என்ற அழைப்பு ஒலிபெருக்கியில் மட்டும் வந்தால் ஒப்பனை அறையில் இருப்பவருக்கு அது எட்டாது, அதற்கு மின்னும் விளக்கோ அதிரும் பேஜரோ வேண்டும். தீ எச்சரிக்கைக்கும் அதே ஏற்பாடு கழிவறை உட்பட இருக்கிறதா என்று, ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.